பெண் கல்வி யாருக்காக?

ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் புனித அன்னம்மாள் திருநாளையொட்டிப் புக்கிட் மெர்தாஜாமுக்கு வந்து சேரும் கூட்டத்தை அறியாதார் வட மலாயாவில் இரார். குன்றின் அடிவாரத்திலுள்ள அக்கோவிலுக்குத் தமிழரும் சீனரும் யுரேஷியரும், கிறிஸ்தவரும் கிறிஸ்தவரல்லாதாருமாகப் பல்லாயிரவர் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிச் செல்கின்றனர். நேர்த்திக்கடன்களில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் அத்திருநாளில் நமது கருத்தைக் கவரும் சங்கதி ஒன்றுண்டு. அன்னம்மாள் மரியாளின் தாய் என்பது வழிவழி வந்த மரபு. புதிய ஏற்பாட்டைத் தலைமுதல் கடைவரை புரட்டினும் அவ்வம்மையின் பெயர் ஓரிடத்திலும் அகப்படாது. வேதத்தில் பெயர்கூட இல்லாத அத்தாய்க்கு, ஐரோப்பிய ஓவியரும் சிற்பியரும் இடைக்காலந்தொட்டு ஓர் அழகிய தொழிலைக் கற்பித்து வழங்கினர். மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, தன் பெண்குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கும் தொழிலே அது.

பெண்டிருள் பெரும்பாலோர் எழுத்தறியாதிருந்த நாட்களில் இக்காட்சி அவ்வோவியருக்கு எங்ஙனம் தோன்றிற்று என்று நாம் வியந்ததுண்டு. தோன்றியமட்டில் நன்றே. ஆனால் உடனே மற்றொரு கேள்வியும் பிறக்கின்றது. அக்குழந்தை யாருக்காகப் படித்தாள்? அவள் படித்ததை உலகம் மறந்துவிட்டது. அவள் ஒரு மகனைப் பெற்றதையே நினைவில் வைத்திருக்கிறது. பக்தர்களின் மனத்தைப் புண்படுத்த இதனைச் சொன்னோமில்லை. பெண்கல்வியைப் பற்றி நம்மவர் பேசும் பேச்சுக்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அவையும் இவ்விடத்திலேயே வந்து நின்றுவிடுகின்றன என்பதைக் காட்டவே சொன்னோம்.

இவ்விஷயம் நமது நெஞ்சில் முள்ளாகத் தைத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. இதே நிகழ்ச்சி வேறு எத்தனையோ சங்கங்களில் நடந்திருக்கக்கூடும். தமிழ்ப் பள்ளியில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அம்மையார், அச்சங்கத்தின் கணக்குகளைப் பதினொரு வருஷமாக எழுதி வருகிறார். பொருளாளர் என்ற பட்டம் ஓர் ஆடவருக்கு. கையெழுத்திடுவது அவர் வேலை. அவ்வாண்டு தலைவர் பதவி காலியாயிற்று. பின்வரிசையிலிருந்த இளைஞர் ஒருவர் எழுந்து அவ்வம்மையாரின் பெயரை முன்மொழிந்தார். சபையில் ஒரு மௌனம். பின்னர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, “டீச்சரம்மா நம்மெல்லாருக்கும் தாய் மாதிரி. அவர்களைப் பதவிப் போட்டி என்ற சேற்றில் இழுத்துவிடலாமா? மகளிர் பிரிவுக்கு அவர்களே என்றைக்கும் தலைவியாக இருக்கட்டும்” என்றார். எல்லாரும் கைதட்டினர். நாமும் தட்டினோம்.

கூட்டம் கலைந்து, வாசலில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் அவ்வம்மையார் நம்மிடம் மெல்லச் சொன்னார்: “ஐயா, அது சேறு என்றால், பதினொரு வருஷமாக அந்தச் சேற்றுக்குக் கணக்கெழுதினது நான்தானே?” நம்மால் மறுமொழி கூற இயலவில்லை. கையிலிருந்த தேநீர்க் கோப்பையும் அவர்கள் ஊற்றித் தந்ததே என்பது அப்பொழுதுதான் புலப்பட்டது.

நிற்க. பெண்கள் படிக்கவேண்டும் என்பதை இன்று மறுப்பார் யாருமிலர். அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்ற பழமொழியை நாணமின்றிச் சபையில் சொல்லுவார் இல்லாதொழிந்தனர். இது நமது இயக்கத்தார் பெருமைப்படக்கூடிய வெற்றியே. ஆயினும் ஒரு கோட்டையில் தோற்றவர் மற்றொரு கோட்டையில் புகுந்து கதவடைத்துக்கொள்வது போர்முறை. பெண் படிக்கக்கூடாது என்றவர்களின் பேரப்பிள்ளைகள், பெண் படிக்கவேண்டும் என்று கூறுவதோடு நில்லாமல், எதற்காகப் படிக்கவேண்டும் என்பதையும் தாமே சொல்லிவிடுகின்றனர். பிள்ளைகளை நன்கு வளர்ப்பதற்காகப் படிக்கவேண்டுமாம். குடும்ப வருமானத்துக்குத் துணையாகப் படிக்கவேண்டுமாம். கொஞ்சம் மேலே போனால், சமூகம் முன்னேறவும் தமிழ் வாழவும் படிக்கவேண்டுமாம். இவை யாவும் நல்ல காரியங்களே. ஒன்றையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பையனைப் பள்ளியில் சேர்க்கும்போது, ‘நல்ல தகப்பனாவதற்காக இவனைப் படிக்கவைக்கிறேன்’ என்று எந்தத் தந்தையேனும் சொல்லக் கேட்டவர் உண்டா? அவன் படிப்பு அவனுக்கு. அதனால் பிறருக்கு விளையும் நன்மை மேல்வரும்படி. பெண்ணின் படிப்போ முதலிலேயே பிறர் பெயரில் பதிவு செய்யப்பட்ட சொத்து.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். ‘கல்வி பொதுப்பணத்தில் நடைபெறுகின்றது, கற்றவர் யாராயினும் பொதுவுக்குக் கடமைப்பட்டவரே, தனக்காகப் படிப்பது என்பது தன்னலமாகாதா?’ என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. கடன் உண்டு என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் கடன்பட்டவனுக்கும் அடிமைப்பட்டவனுக்கும் வேற்றுமை உண்டு. கடன்பட்டவன் அதனை எவ்விதம் தீர்ப்பது என்று தானே யோசித்து முடிவு செய்கிறான். அடிமைக்கோ அவன் செய்யவேண்டிய வேலையைப் பிறர் குறித்துக் கொடுக்கிறார்கள். படித்த பெண் சமூகத்துக்குக் கடமைப்பட்டவள் என்பது மெய்யாயின், அக்கடமை இன்னது என்று தீர்மானிக்கும் சபையிலும் அவளுக்கு நாற்காலி இருக்கவேண்டும். அந்நாற்காலியைத்தான் நாம் தலைமை என்கிறோம். மாலையும் மேடையும் வரவேற்புப் பத்திரமும் அதன் மேலே போர்த்தும் ஜமுக்காளங்கள். அவற்றைப் பற்றி நமக்குக் கவலையில்லை.

இனி, மற்றொரு வாதம்; மேற்கண்டதைவிட நயமானது. ‘முதலில் படிப்பு வரட்டும், தலைமை தானே வரும்’ என்பது. இதனைச் சொல்பவர் பெரும்பாலும் நல்லவர். ஆதலால் இது மிகவும் ஆபத்தானது. வரலாறு இவ்வாறுதான் நடந்ததா என்பதை நமது நாட்டிலேயே ஆராய்ந்து பார்ப்போம்.

அக்காலத்தில் புரொவின்ஸ் வெல்லெஸ்லி எனப்பட்ட இச்செபராங் பிறைப் பகுதிக்குத் தமிழர் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பின்னர்க் கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் பெண்ணின் நாள் எப்படிப்பட்டது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன் எழுந்து சோறாக்கி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பிரட்டுக்களத்தில் போய்ப் பெயர் கொடுத்து, ஆண்மகனைப் போலவே மரம் வெட்டி, பால் சேகரித்து, வாளியைத் தூக்கி நிறுவைக்கு வந்தாள். கூலி மட்டும் ஆண்மகனைப் போல இல்லை. 1920களின் கடைசியில் இந்தியத் தொழிலாளருக்குச் சர்க்கார் வகுத்த நிர்ணயக் கூலி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. இப்பத்துக் காசு வித்தியாசத்துக்கு எந்தப் பட்டப்படிப்பும் காரணமன்று என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். அவ்வாணுக்கும் எழுத்துத் தெரியாது, அப்பெண்ணுக்கும் தெரியாது. எழுத்தறியாமையில் இருவரும் சமமாயிருந்தும், ஒருவருக்கு ஐந்து பங்கு, மற்றவருக்கு நாலு பங்கு. படிப்பின்மையே தாழ்வுக்குக் காரணமென்பார் இதற்கு என்ன சமாதானம் கூறுவர்?

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஓர் இனத்தைச் சேர்ந்த பத்துக் குழந்தைகள் பள்ளி வயதில் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. ஆனால் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை என்றால் பள்ளியிலிருந்து நின்றவள் அக்காளே, அண்ணன் அல்லன். கிராணியே வாத்தியாராகவும், கொட்டகையே பள்ளிக்கூடமாகவும் இருந்த அப்பள்ளிகளில் கிடைத்த கல்வியும் அற்பமே. அவ்வற்பத்திலும் அவளுக்குப் பாதி.

இத்தகைய நாட்டுக்கு 1929 டிசம்பரில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் பினாங்கு வழியாக வந்து இறங்கியபோது, நாகம்மையாரும் உடன் வந்தார். அவ்வருஷம் பிப்ரவரியில்தான் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஆண்களுக்குள்ள சொத்துரிமை பெண்களுக்கும் வேண்டும் என்று தீர்மானித்தது. இத்தீர்மானம் சட்டமாவதற்குத் தமிழ்நாட்டில் 1989 வரை அறுபது வருஷம் சென்றது. இந்திய நாடு முழுவதற்கும் 2005 வரை செல்லவேண்டியதாயிற்று. அதே மாநாடு மற்றொன்றும் தீர்மானித்தது: ஆரம்பப் பள்ளிகளில் கூடியமட்டும் பெண்களையே ஆசிரியராக நியமிக்கவேண்டும் என்பது. இவ்விரண்டாவது தீர்மானம் நிறைவேற யாரும் போராடவேண்டியிருக்கவில்லை. அது தானே நடந்தேறிவிட்டது. இன்று மலேசியாவில் ஆசிரியர்களில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பேர் பெண்களே. சொத்து கேட்ட தீர்மானத்துக்கு அறுபது வருஷம்; உழைப்பைத் தந்த தீர்மானத்துக்கு ஆட்சேபணையே இல்லை. இதில் உலகத்தின் குணம் முழுதும் விளங்குகின்றதன்றோ?

இனி, தோட்டத்துப் பெண்ணுக்குத் திரும்புவோம். 1943ஆம் ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, பெண்களுக்கென ஒரு படை வேண்டும் என்றார். சென்னையில் மருத்துவம் பயின்று சிங்கப்பூரில் வைத்தியம் செய்து வந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அக்டோபர் 22ஆம் நாள் ஜான்சிராணிப் படையின் பாசறை திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தோரில் மிகப் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். தாம் பார்த்திராத ஒரு நாட்டின் விடுதலைக்காக அவர்கள் துப்பாக்கி எடுத்தனர். ஜப்பானியர் துணைகொண்டு நடந்த அப்போரின் நியாய அநியாயங்களை நாம் இங்கு எடை போடவில்லை. சயாம் மரண ரயில்பாதையில் நம்மவர் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அவ்விஷயத்தில் எளிதாகப் பேசவும் மாட்டார்கள். நாம் பார்ப்பது ஒன்றையே. முந்தின மாதம் வரை கங்காணியின் எதிரில் தலைநிமிராத பெண், அடுத்த மாதம் அணிவகுப்பில் நின்று கட்டளை பெற்றாள்; சிலர் கட்டளை இட்டனர். படிப்பு வந்தபின் தலைமை என்ற வரிசை இங்கே தலைகீழாயிற்று. துப்பாக்கி முதலில் வந்தது. பாசறையில் வைத்தே பலருக்கு எழுத்துக் கற்பிக்கப்பட்டது.

படித்தவரும் அங்கு இருந்தனர். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர் பதினெட்டு வயதில், தம் காதணிகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். அதில் இரண்டாம் நிலைத் தளபதியாகவும் உயர்ந்தார். ஈப்போவிலிருந்து ராசம்மாள் நவரத்தினம் பதினாறு வயதில் தம் தமக்கை பொன்னம்மாளோடு சேர்ந்தார். 1945இல் ரங்கூனை விட்டுப் பின்வாங்கிய பெண்கள் குண்டுவீச்சினிடையே பாங்காக்கு நோக்கி வந்த பயணத்தில் பெரும்பகுதி கால்நடையே.

போர் முடிந்தது. பின்னர் என்ன நிகழ்ந்தது என்பதில்தான் நமது கேள்விக்குரிய விடை இருக்கிறது. ஜானகி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸைத் தோற்றுவித்தவருள் ஒருவராயினார். பிற்காலத்தில் மேலவை உறுப்பினராகவும் இருந்தார். ராசம்மாள் பட்டம் பெற்று ஆசிரியையானார். ராசம்மாள் பூபாலன் என்ற பெயரில் பெண் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைமை தாங்கி, ஆணுக்குப் பெண் சமமான சம்பளம் வேண்டுமென்று 1960களில் போராடினார். அப்பதிற்றாண்டின் இறுதியில் சர்க்கார் அச்சமசம்பளக் கொள்கையை ஏற்கலாயிற்று. தோட்டத்துப் பெண்ணின் பத்துக் காசுக்கும் பட்டதாரிப் பெண்ணின் சம்பளத்துக்கும் வழக்கு ஒன்றே என்பதை வாசகர் மறந்துவிடலாகாது.

ஆனால் எழுத்தறியாது வந்து துப்பாக்கி தூக்கிய தோட்டத்துப் பெண்கள்? அவர்கள் லயத்துக்குத் திரும்பினர். மீண்டும் அதே பிரட்டுக்களம், அதே வாளி. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்களும் இன்று நமக்குக் கிடைப்பதில்லை. படிப்பில்லாமலும் தலைமை வரும் என்பதை 1943 காட்டிற்று. படிப்பில்லாத தலைமை தங்காது என்பதை 1945க்குப் பிந்திய வருஷங்கள் காட்டின. ஆகவே ‘முதலில் படிப்பு’ என்போர் சொல்வதில் பாதி உண்மை உண்டு என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டியவராயிருக்கிறோம். அவர்கள் பிழைபடுவது ‘முதலில்’ என்ற சொல்லிலேயாம்.

தாய்நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பள்ளிப்படிப்பு மிகுந்தவரல்லர். தேவதாசிக் குலத்தின் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்டு, அதனை ஒழிக்க ஊரூராகச் சென்று பேசியவர். 1936இல் அக்கொடுமையைப் பற்றி நாவலும் எழுதினார். 1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் நடைபெற்ற தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில்தான் ராமசாமியாருக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. மறுநாளே ராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் தருமாம்பாளும் மற்ற அம்மையாரும் இந்தி எதிர்ப்பு மறியலில் சிறை புகுந்தனர். பட்டம் ஆணுக்கு, சிறை பெண்ணுக்கு என்று ஓர் அன்பர் இதனை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் பெரியாரும் அவ்வறப்போரில் சிறை சென்றவரேயாதலால், வேடிக்கை முழுவதும் நியாயமன்று.

அவ்வம்மையாரின் பெயரில் தமிழ்நாட்டு அரசு 1989இல் ஏற்படுத்திய திட்டத்தின் கதை நமது தலைப்புக்கு எழுதிவைத்தாற்போல அமைந்தது. அது முதலில் ஒரு திருமண உதவித் திட்டம். ஏழைப் பெண் குறித்த வகுப்புவரை படித்திருந்தால் அவளது கலியாணத்துக்குப் பணம். பின்னர்த் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. படிப்பை ஊக்குவிக்கவே இவ்விதம் செய்தார்கள். பல பெண்கள் இதனால் பள்ளியில் நீடித்தனர் என்பதும் மெய்யே. ஆயினும் பெண் படித்தாள். பரிசு தாலியாக வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் இது நடந்தபின், 2022இல் அத்திட்டத்தை உயர்கல்வி உதவியாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. தொகை பெரிதன்று. ஆனால் அதனைச் செலவிட அவள் மணமகளாக வேண்டியதில்லை. தேவதாசி முறையையும் கட்டாயக் கலியாணத்தையும் எதிர்த்த அம்மையாரின் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்த வேடிக்கை அத்துடன் நின்றது.

நாம் இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். வீராங்கனைகளை நாம் அளவுக்கு மிஞ்சிப் போற்றுகிறோம். ஒளவையார் என்போம், ஜான்சிராணி என்போம், முத்துலட்சுமி ரெட்டி என்போம். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராக அமர்ந்த அவ்வம்மையாரின் படத்தை மாட்டி வைத்திருக்கும் சங்கத்திலேயே, ஒரு சாதாரணப் பெண் செயலாளர் பதவிக்கு வர முடியாது. அபூர்வமான பெண்ணைப் போற்றுவது சாதாரணப் பெண்ணை வெளியே நிறுத்துவதற்கு மிகவும் வசதியான உபாயம். ‘அவர்களைப்போல் இருந்தால் நாங்கள் தடுப்போமா?’ என்று கேட்டுவிடலாமே! ஆண்களில் எத்தனைபேர் காந்தியைப்போலவோ பெரியாரைப்போலவோ இருந்து சங்கத் தலைவரானார்கள்? சராசரி அறிவும், சராசரி நேர்மையும், சற்று அதிகமான குரலும் இருந்தால் ஆண்மகன் தலைவனாகலாம். அவன் தவறிழைத்தால் அத்தவறு அவனுடையது. அடுத்த தேர்தலில் வேறோர் ஆண் வருவான். பெண் தவறிழைத்தாலோ, ‘பெண்களைப் போட்டால் இப்படித்தான்’ என்று அத்தவறைப் பெண்குலம் முழுவதன் தலையிலும் சுமத்துவர். சாதாரணமாயிருக்கும் உரிமை, தவறு செய்து திருத்திக்கொள்ளும் உரிமை, இவை பெண்ணுக்கு வந்தாலன்றிச் சமத்துவம் வந்துவிட்டதாகச் சொல்ல நாம் ஒருப்படோம்.

இவ்வூரிலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. செபராங் பிறை நகராண்மைக் கழகத்தின் தலைமை அலுவலகம் புக்கிட் மெர்தாஜாமில், பண்டார் பெர்டாவில் இருக்கிறது. அதன் தலைவராக 2011இல் மைமுனா முகம்மது ஷரிப் என்ற மலாய் அம்மையார் நியமிக்கப்பட்டார். அப்பதவியில் அமர்ந்த முதற்பெண் அவர். நகரமைப்புக் கலை பயின்றவர். வீராங்கனை அல்லர், உத்தியோகஸ்தர். அவரது வேலை குப்பை, சாக்கடை, சாலைவிளக்கு, வரிவசூல். ஆறு வருஷம் இவ்வேலையைச் செய்து, 2017இல் பினாங்குத் தீவின் மேயராகி, 2018இல் ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். 2024இல் கோலாலம்பூர் மேயராக நியமனம் பெற்றார். சாக்கடையிலிருந்து ஐக்கிய நாடுகள் சபைக்கு என்று நாம் இதனைச் சிறுமைப்படுத்திச் சொல்லவில்லை. சாக்கடையைப் பற்றித் தீர்மானிப்பதே ஆட்சியின் முதற்பாடம் என்பதனால் சொல்கிறோம்.

அக்காலத்தில் நடைபெற்ற ஒரு முயற்சி இன்னும் நினைக்கத்தக்கது. பினாங்கு மாநில அரசு 2011இல் நிறுவிய மகளிர் மேம்பாட்டுக் கழகம், 2012 முதல் இரு நகராண்மைக் கழகங்களுடனும் சேர்ந்து, வரவுசெலவுத் திட்டத்தைப் பெண்ணின் கண்கொண்டும் பார்ப்பது என்ற வழக்கத்தைத் தொடங்கிற்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோரை, ஆண், பெண், முதியோர், இளையோர் எனத் தனித்தனியே கூட்டி, உங்கள் குடியிருப்பில் எதற்குப் பணம் செலவிடவேண்டும் என்று கேட்டு, வாக்கும் எடுத்தார்கள். இதில் என்ன பெரிய தத்துவம் இருக்கிறது என்று கேட்கலாம். வீட்டின் பாத்திரத்தில் உப்பு எவ்வளவு என்று அறிந்தவளிடம், கட்டிடத்தின் மின்தூக்கி எத்தனை நாள் நின்றுபோயிற்று என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டபோது அவளுக்குத் தெரிந்திருந்தது. இதற்கு அவள் பட்டம் பெற்றிருக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் வரவுசெலவுத் தாளைப் படித்துப் பார்த்து, கேட்டது கிடைத்ததா என்று அடுத்த வருஷம் விசாரிப்பதற்கு எழுத்தும் எண்ணும் வேண்டும். படிப்பும் தலைமையும் இவ்விதமாக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே வளர்வன. இரட்டை மாட்டு வண்டியில் எந்த மாடு முதலில் நடந்தது என்று கேட்பார் இல்லை.

எண்களையும் சற்றுப் பார்ப்போம். மலேசியாவின் பொதுப் பல்கலைக்கழகங்களில் பயில்வோரில் பத்துக்கு ஆறு பேர் அளவில் பெண்கள். 2022ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நாடாளுமன்ற மக்களவையின் 222 இடங்களில் பெண்கள் பெற்றது ஏறத்தாழ முப்பது. புக்கிட் மெர்தாஜாம் இவ்விஷயத்தில் தலைகுனிய வேண்டியதில்லை. 1999 முதல் 2013 வரை இத்தொகுதி சோங் எங் என்ற சீன அம்மையாரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வந்தது. அண்டைத் தொகுதியாகிய பத்து காவானின் பிரதிநிதியாக 2013 முதல் 2022 வரை கஸ்தூரிராணி பட்டு என்ற தமிழ்ப்பெண் இருந்தார். ஆயினும் நாட்டின் கணக்கு, பல்கலைக்கழகத்தில் பத்துக்கு ஆறு, சட்டம் இயற்றும் மன்றத்தில் ஏழுக்கு ஒன்று என்பதே. படிப்பு வந்தால் தலைமை தானே வரும் என்றவர்கள், எத்தனை தலைமுறை காத்திருக்கவேண்டும் என்பதையும் குறிப்பிட்டால் உபகாரமாயிருக்கும்.

சட்டத்தால் இடம் ஒதுக்கினால் போதுமே என்பாரும் உளர். தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க 2016இல் சட்டம் செய்தார்கள். நன்று. ஆனால் தலைவி நாற்காலியில் அமர, அவள் கணவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் புரட்டும் காட்சி இந்திய நாட்டில் எத்தனையோ ஊராட்சிகளில் உண்டு என்பதைப் பத்திரிகை படிப்போர் அறிவர். இதைக் காட்டி ஒதுக்கீடே வீண் என்று சிலர் நகைக்கின்றனர். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. அக்கணவரை அங்கே அமர்த்தியது சட்டமன்று. அவளுக்கு மறுக்கப்பட்ட பள்ளிக்கூடமும், அவருக்கு மறுக்கப்படாத வழக்கமுமே. அவள் ஐந்து வருஷம் அந்நாற்காலியில் இருந்துவிட்டால், ஆறாம் வருஷத்தில் கோப்பு எதுவென்று அவளுக்கும் தெரிந்துவிடும். அவ்வச்சமே நகைப்பவர்களின் நகைப்புக்குக் காரணமோ என்று நாம் ஐயுறுகிறோம்.

இவ்வளவும் எழுதியபின் நம்மைப் பற்றியும் சொல்லாதிருப்பது யோக்கியமாகாது. சீர்திருத்தம் பேசும் ஆடவர் வீடுகளில் நடப்பதை நாம் அறிவோம்; நமது வீடும் அவற்றுள் ஒன்று. மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு இரவு பத்து மணிக்கு வந்து, சூடாகச் சோறு கிடைக்கவில்லையே என்று முகஞ்சுளித்த நாட்கள் நமக்கும் உண்டு. பெண் கல்வியை நாம் ஆதரித்தது, அது நமது நேரத்தையும் நமது பதவியையும் தொடாதவரையில்தான் என்று சென்ற ஆண்டு அக்கூட்டத்தில் கைதட்டியபோது விளங்கிற்று. ‘தாய் மாதிரி’ என்ற ஒரு சொல்லில் அத்தனை பேருடைய அறிவும் உறங்கிவிட்டது. தாய் என்று கும்பிட்ட பின் வாக்குப்போட வேண்டியதில்லை அன்றோ? பெண்ணை இழிவுபடுத்தி வெளியே தள்ளினால் அவள் எதிர்த்து நிற்பாள். உயர்த்தி வைத்து வெளியே தள்ளினால், எதிர்ப்பதும் அவளுக்கு நாணமாகிவிடுகிறது. அவ்வம்மையாரும் சபையில் புன்னகை செய்தே அமர்ந்தார்.

பின்னொரு நாள் அவர்களைச் சந்தித்தபோது, ‘அன்று நீங்களே எழுந்து, எனக்கு விருப்பம் உண்டு என்று சொல்லியிருக்கலாமே’ என்றோம். “ஆசைப்படுகிறாள் என்பார்களே, ஐயா” என்றார். ஆண்மகன் பதவிக்கு ஆசைப்பட்டால் அதற்குச் சேவை மனப்பான்மை என்று பெயர். முப்பது வருஷம் பிறர் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தவர். ஒரு சங்கத்தின் ஒவ்வொரு வெள்ளியும் எங்கே போயிற்று என்று சொல்லக்கூடியவர். அவருக்குத் தம் விருப்பத்தைச் சொல்லும் உரிமை மட்டும் கல்வியோடு சேர்ந்து வரவில்லை. எந்தப் பாடப்புத்தகத்தில் அதனை அச்சிடாமல் விட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே நாம் ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.

இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தின் அறிவிப்புக் கடிதம் சென்ற வாரம் நமக்குக் கிடைத்தது. பதவிகளுக்குப் போட்டியிடுவோர் விண்ணப்பத்தில் மூன்று கையெழுத்துக்கள் வேண்டும்: முன்மொழிவோர், வழிமொழிவோர், போட்டியிடுவோர். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அம்மையாரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் நெடுநேரம் அதனைப் படித்தார். அச்சுப்பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பிறகு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தமக்குரிய இடத்தில் கையெழுத்திட்டார். முன்மொழிவோர் இடத்தில் நாம் இட்டோம். வழிமொழிவோர் இடம் இதை எழுதும்வரை காலியாக இருக்கிறது. இதுவரை மூவரைக் கேட்டுவிட்டோம்; மூவரும் அவ்வம்மையாரிடம் தமக்குள்ள மரியாதையைப் பற்றி மிக நன்றாகப் பேசினார்கள். நாலாமவர் அல்மாவில் இருக்கிறார். நாளைக் காலை போகவேண்டும்.